ஆறாவது அறை

ஐந்து அறைகளில் குச்சி ஒன்றரை அங்குலம் இறங்கியது. ஆறாவதில் அரை அங்குலத்திலேயே நின்றுவிட்டது.

வெண்டல் ரிங்கர் அதை வெளியே எடுத்து, தப்பெல்லாம் குச்சியின் மேல்தான் என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி விட்டார். மறுபடியும் அரை அங்குலம்.

"போச்சுடா" என்றார், சத்தம் வெளியே வராமல்.

சமையலறை மேசையில் விரித்த பழைய துண்டின் மேல் அந்த ரிவால்வர் கிடந்தது. 1860ஆம் வருஷ மாடல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படைக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு போனது. இந்தக் காலத்துத் தோட்டாவெல்லாம் இதற்குக் கிடையாது. உருளையில் இருக்கும் ஆறு அறைகளிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஓர் ஈயக்குண்டை வைத்து இறுக்க வேண்டும். பிறகு பின்பக்கத்துச் சின்ன மூக்கில் ஒரு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். விசையை இழுத்ததும் துப்பாக்கியின் சுத்தி தொப்பியில் அடித்தால் வெடிக்கும். எவனோ ஒரு சிப்பாய் ஆறையும் நிரப்பி, ஐந்தைச் சுட்டுவிட்டு, ஆறாவதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நூற்றறுபது வருஷம் ஆகிறது. ஆனால் கருமருந்துக்கு வயசாகாது. ஈரம் படாதவரை அது நேற்றுக் கொட்டியது மாதிரிதான்.

வெண்டலுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. பேருந்தைப் பின்னால் எடுக்கும் முன் கண்ணாடியை நம்பாமல் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிற மனிதர் எங்கள் பள்ளத்தாக்கிலேயே அவர் ஒருவர்தான். துப்பாக்கியிலும் அப்படியே. முதலில் குழலைத் தரையைப் பார்க்க வைப்பார். அடுத்து ஒவ்வோர் அறையிலும் குச்சி விட்டுப் பார்ப்பார். அழகு பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அழகோ, சொல்லி மாளாது. உருளையைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஒரு கப்பல் சண்டை செதுக்கியிருந்தது. மற்ற துப்பாக்கிகளில் அது தேய்ந்துபோய்க் கடல் மட்டும் மிஞ்சியிருக்கும். இதில் பாய்மரக் கயிறுகூட எண்ணலாம். வால்நட் மரக் கைப்பிடியில் ராணுவ ஆய்வாளரின் முத்திரை அப்படியே இருந்தது. அதற்குச் சற்று மேலே, ஒரே ஓர் இடம் மட்டும் வழவழவென்று குழிந்திருந்தது. யாரோ ஒருவனுடைய கட்டைவிரல் குடியிருந்த இடம். வெண்டல் தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அவர் சேர்த்து வைத்திருந்த ஏழு ரிவால்வர்களில் ஒன்றும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

சிக்கல் என்னவென்றால், இது இன்னும் அவருடையதே இல்லை.

மலைமேல் தனியாக இருக்கும் மிசஸ் எஸ்டெப்புடையது. கணவர் எஸ்டெப் பெரிய சேகரிப்பாளர். சாகும் முன்பே எல்லாவற்றையும் விற்றுவிட்டார், மிச்சம் இது ஒன்றுதான் என்பது ஊர்ப்பேச்சு. அன்று காலை வெண்டல் போய்க் கேட்டபோது அந்த அம்மாள் விலை எதுவும் சொல்லவில்லை. "நாலு நாள் வீட்டுல வெச்சுப் பாருங்க, மிஸ்டர் ரிங்கர். அப்புறம் வந்து பேசுங்க" என்று துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள்.

இன்னொரு சிக்கல், அவர் மனைவி ஓபல். கல்யாணத்தின்போதே அவள் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு: பழைய துப்பாக்கி எத்தனை வேண்டுமானாலும் வீட்டுக்குள் வரலாம், உள்ளே குண்டு இருக்கிற எதுவும் வாசற்படி தாண்டக்கூடாது. இருபத்தொன்பது வருஷமாக அது தாண்டியதில்லை.

அந்த ஓபல் இப்போது கொல்லைப்புறத்தில்தான் இருந்தாள், சர்ச்சுப் பெண்கள் ஒன்பது பேரோடு. அக்டோபர் மாதத்து ஆப்பிள் பட்டர், அதாவது ரொட்டியில் தடவும் ஆப்பிள் கூழ், காய்ச்சும் நாள். விறகு அடுப்பில் செப்பு அண்டாவை ஏற்றி, ஏழு கூடை ஆப்பிளைப் போட்டு, விடியற்காலையிலிருந்து நீளத் துடுப்பால் மாற்றி மாற்றிக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கூழ் சுண்டி, கறுத்து, பதத்துக்கு வரும். அதுவரை துடுப்பு நிற்கக்கூடாது.

வெண்டல் யோசித்தார். உருளையைத் தனியே கழற்றிவிட்டால் மருந்தை நனைத்துவிடலாம். உருளையைக் கழற்ற, குழலைப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்பைத் தட்டி எடுக்க வேண்டும். ஆப்பு அசையவில்லை. இரும்புச் சுத்தியால் அடித்தால் தழும்பு விழும். அடுத்தவர் பொருள். முழுசாகத் தண்ணீரில் போட்டால் கைப்பிடி ஊறி முத்திரை போய்விடும். ஆப்புக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான் வழி. அதுவரை குழல் மண்ணைப் பார்த்து இருக்க வேண்டும்.

பின்வாசல் படியில் ஒரு வாளி நிறைய மணல் இருந்தது. ஆப்புக்கு எண்ணெய் விட்டு, ரிவால்வரின் குழலை மணலில் செருகி, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டுத் தன் பட்டறைக்குப் போனார். மரச்சுத்தி எங்கோ இருந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

ஐந்து நிமிடம் தேடிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். படியில் வாளி இல்லை.

அது அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. தீயிலிருந்து இரண்டடி. அது நெருப்பு பரவினால் அணைப்பதற்காக ஓபல் வைத்த மணல் வாளி. அதைப் படியில் யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று மேவிஸ் டெலிஞ்சர் தூக்கிவந்து இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தாள். எழுபத்தெட்டு வயதிலும் எதையும் இருக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் விடமாட்டாள் மேவிஸ்.

வெண்டல் ஓடினார். வாழ்க்கையில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பெண்கள் வாயைப் பிளந்து நிற்க, நடுவில் புகுந்து வாளியை இழுத்தார். துண்டு நழுவியது. வாளி கவிழப் பார்த்தது. அது விழாமல் ஒரு கையில் வாளியையும் மறு கையில் ரிவால்வரையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார். அவர் சொல்ல வந்தது வேறு. வாயில் வந்தது அதுதான்.

ஒன்பது பெண்களும் அசையவில்லை. கிண்டிக்கொண்டிருந்த ஓபல் மட்டும் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"வெண்டல், என்ன இது?"

"ஒண்ணுமில்ல ஓபல். சும்மா, ஒரு சின்ன... ஒரு அறையில மட்டும்..."

"குண்டு போட்டதா?"

"நான் போடல. முந்தியே யாரோ போட்டது."

"அத ஏன் என் மணல் வாளியில ஒளிச்சு வெச்ச?"

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான்."

அதற்குள் மேவிஸ் செல்போனில் ஷெரிப் ஆபீசைப் பிடித்துவிட்டாள். "வெண்டல் ரிங்கர் கையில துப்பாக்கியோட நிக்கிறாரு, எங்க எல்லாரையும் அசையாதீங்கன்னு சொல்றாரு, ஆமா, நல்ல மனுஷன்தான், என்ன ஆச்சுன்னே தெரியல" என்று அவள் சொன்னது தெருக்கோடிவரை கேட்டது.

எட்டு நிமிடத்தில் சைரனோடு வந்து இறங்கினான் துணை ஷெரிப் ட்வைட் எஸ்லிங்கர். ஆறடி மூன்றங்குலம், இடுப்பில் கைத்துப்பாக்கி. சின்ன வயதில் ஏழு வருஷம் வெண்டலின் பேருந்தில் கடைசி சீட்டில் வந்தவன்.

"ரிங்கர் சார், அத மெதுவா கீழ..."

"ட்வைட், அங்கயே நில்லு!"

"சரி சார்" என்று அங்கேயே நின்றான். அப்புறம்தான் தான் இப்போது போலீஸ் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

வெண்டல் விஷயத்தை விளக்கினார். ட்வைட்டுக்கு நிம்மதியில் கண்ணே கலங்கிவிட்டது. ஆனாலும் மேலே தகவல் சொல்லியாக வேண்டும். ஒயர்லெஸ்ஸை எடுத்தான். "ஆளுக்கு ஒண்ணுமில்ல. உள்நாட்டுப் போர் காலத்து ஐட்டம். உள்ள குண்டு இருக்கு. இன்னும் வெடிக்கல."

எங்கள் பக்கம் ஏர் ஓட்டினால் இன்றும் பழைய பீரங்கிக் குண்டு கிளம்பும். ஒயர்லெஸ்ஸின் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தவருக்குக் 'குண்டு' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் தெருவின் இரண்டு முனையையும் மறித்தார்கள். ஒரு தீயணைப்பு வண்டி வந்தது. பின்னாலேயே வெடிகுண்டுப் பிரிவின் கறுப்பு லாரி. அதிலிருந்து சார்ஜென்ட் டெல்கடோ என்ற பெண் அதிகாரி இறங்கினாள். கூடவே சக்கரம் வைத்த ஒரு ரோபோ.

"குண்டு எங்க?"

"இதோ."

"இது துப்பாக்கி."

"ஆமா மேடம்."

"குண்டுன்னு சொன்னாங்களே?"

"குண்டு அதுக்குள்ள இருக்கு" என்றான் ட்வைட்.

டெல்கடோ அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் வந்தாயிற்று. விதிப்படிதான் நடக்க வேண்டும். "எல்லாரும் முந்நூறு அடி தள்ளிப் போங்க."

"போறோம்" என்றாள் ஓபல். "நாலு மணிக்கு."

"மேடம், இப்போ போகணும்."

"இப்போ விட்டா அடிபிடிச்சிடும். சர்ச்சுக் கூரை ஒழுகுது, இத வித்துத்தான் அதச் சரி பண்ணணும். நீங்க உங்க வேலையப் பாருங்க, நாங்க எங்க வேலையப் பாக்கறோம்."

"உயிர் போயிடும் மேடம்!"

"செத்தா சொர்க்கத்துக்குப் போவோம்" என்றாள் மேவிஸ். "அடிபிடிச்சா வர்ற ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சர்ச்சுக்குப் போறது?"

பெண்களை நகர்த்த முடியாது, அண்டாவையும் நகர்த்த முடியாது என்றானபின் துப்பாக்கியைத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. ரோபோவை அனுப்பினார்கள். அது கம்பீரமாக வந்து, மலைபோல் குவித்திருந்த ஆப்பிள் தோலில் ஏறி, வழுக்கி, கவிழ்ந்து, சக்கரங்களை ஆகாயத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது. கடைசியில் வெண்டலே வாளியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, பக்கத்து விளையாட்டு மைதானத்துக்கு நடந்தார். ஒரு பொடி மணல்கூடச் சிந்தவில்லை.

"அடுத்தது என்ன?" என்று டெல்கடோவிடம் கேட்டார்.

"குவாரிக்குக் கொண்டு போயி வெடிக்க வெச்சு அழிச்சிடுவோம்."

வெண்டல் வாளிக்குக் குறுக்கே வந்து நின்றார். "இதையா? இந்தக் கப்பலப் பாருங்க மேடம். கயிறு தெரியுது பாருங்க. இது அந்தச் சிப்பாயோட கட்டைவிரல் பட்ட இடம். போருல தப்பிச்சு வந்திருக்கு. வீடு எரிஞ்சு, வெள்ளம் வந்து, எல்லாத்துலயும் தப்பிச்சிருக்கு. இன்னிக்கு என்னாலயா போகணும்? இது என்னுதுகூட இல்ல!"

"யாருதா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்."

உடையவரிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. செல்போனை எடுத்தார். 

"மிசஸ் எஸ்டெப், ஒரு அறையில மருந்து இருக்கு. போலீசு வந்திருக்கு. உங்க துப்பாக்கிய அழிக்கப் போறாங்க. மறைக்கப்போயி எல்லாத்தையும் நான்தான் கெடுத்தேன். என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மிசஸ் எஸ்டெப் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அறையில இருக்குன்னு யாரு பாத்தது?"

"நான்தான்."

"யாரையும் தொட விடாதீங்க. வந்துக்கிட்டிருக்கேன்." லைன் துண்டித்துப்போனது.

வெண்டல் டெல்கடோவிடம் திரும்பினார். "ஒரு மணி நேரம் குடுங்க. நானே பிரிச்சு மருந்த எடுத்துடறேன். தொப்பி மாட்டல, நெருப்பு இல்ல, குழல் மண்ணப் பாத்து இருக்கு."

"அதுக்கு ரூல்ல இடமில்ல சார்."

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று ட்வைட் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. "எங்க பஸ் ரூட்டுல ஒரு ரயில்வே கிராசிங் இருக்கு. தினம் காலையில ரிங்கர் சார் வண்டிய நிறுத்துவாரு, இறங்குவாரு, தண்டவாளத்துக்கு நடந்து போயி ரெண்டு பக்கமும் பாப்பாரு. பின்னால பத்து வண்டி ஹாரன் அடிக்கும். திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. ஏழு வருஷமும் அப்படித்தான்."

"ரயில் வந்துச்சா?"

"இல்ல மேடம். அந்தத் தண்டவாளத்துல ரயில் ஓடி முப்பது வருஷம் ஆச்சு. இன்னிக்கும் இறங்கித்தான் பாக்கறாரு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு புள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது."

டெல்கடோ வெண்டலைப் பார்த்தாள். வாளிக்குப் பக்கத்தில், ஒரு கையை அதன் விளிம்பில் வைத்து, தூங்குகிற குழந்தையைக் காவல் காப்பதுபோல் அவர் நின்றிருந்தார்.

"ஒரு மணி நேரம்" என்றாள். "என் கண் முன்னால."

வெண்டல் மண்டியிட்டு உட்கார்ந்தார். அதற்குள் ஆப்பில் எண்ணெய் இறங்கியிருந்தது. மரச்சுத்திதான் இல்லை.

"மரத்துல ஏதாச்சும்!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஓபல் துடுப்போடு மைதானத்துக்கு நடந்து வந்தாள். அவளைத் தடுக்க இரண்டு போலீஸ்காரர்கள் எழுந்து, அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை மேவிஸ் அண்டாவை விளக்குமாற்றுக் கட்டையால் கிண்டினாள். அதைப்பற்றி சர்ச்சில் இன்றுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு ஒளிச்சியே" என்றாள் ஓபல், துடுப்பை நீட்டியபடி. "இப்போ டீவிக்காரன்கூட வந்துட்டான்."

"நீ தள்ளிப் போ ஓபல்."

"நீ இங்க உக்காந்திருக்கும்போது நான் எங்க தள்ளிப் போறது? பேசாம தட்டு."

துடுப்பின் கட்டையால் வெண்டல் தட்டினார். மூன்று தட்டு. நான்காவதில் ஆப்பு, கதவு திறப்பதுபோல் சின்னதாகச் சத்தமிட்டு நகர்ந்தது. குழல் கழன்றது. உருளை கையோடு வந்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. பின்பக்க மூக்கை மெல்லத் திருகி எடுத்தார். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தார். அவருடைய தடித்த விரல்கள் அத்தனை மிருதுவாக நகரும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. டெல்கடோகூட அதிகாரி என்பதை மறந்து பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலிருந்து குச்சியால் தள்ளினார். ஈயக்குண்டு, கீழே வைத்திருந்த ஒரு வெள்ளைத் தட்டில் 'டங்'கென்று விழுந்தது. அதன் பின்னால் ஈரமான ஒரு கறுப்புக் கட்டி.



"இத நிரப்புனவன்" என்றார் வெண்டல், "அன்னிக்குக் காலையில ஆறையும் நிரப்பியிருக்கான். அஞ்சு சுட்டிருக்கான். ஆறாவது சுடறதுக்குள்ள என்ன ஆச்சோ. அவன் கை தொட்டதுக்கு அப்புறம் இந்த மருந்த நாமதான் தொடறோம்."

ட்வைட் தொப்பியைக் கழற்றினான். ஓபல் வெண்டலின் தோளில் கை வைத்தாள். டெல்கடோ அழிப்பு அறிக்கையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு சிட்டிகை எங்க ஆபீசுக்குக் குடுப்பீங்களா? கண்ணாடிப் பெட்டியில வெச்சுக்குவோம்" என்று கேட்டாள். வேலிக்கு அப்பாலிருந்து மேவிஸ் உரக்க ஜெபம் சொன்னாள். கிண்டுவதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் தடுப்புகளைத் தாண்டி, கைத்தடியோடு மிசஸ் எஸ்டெப் வந்துசேர்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தட்டுக்கு வந்தாள். உருளையை எடுத்து ஆறு அறைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆப்பில் விரலை ஓட்டித் தழும்பு தேடினாள்.

"எப்போ பாத்தீங்க?"

"வீட்டுக்குள்ள வந்த உடனே மேடம். மொத வேலையே அதுதான்."

"மத்ததெல்லாம் அப்புறம்?"

"மத்ததெல்லாம் அப்புறம்தான்."

அவள் தலையசைத்தாள். ஒரு விரலால் அந்தக் கறுப்புக் கட்டியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். டெல்கடோ "ஐயோ, மேடம்!" என்று பாய்ந்தாள். மிசஸ் எஸ்டெப் சப்புக்கொட்டினாள்.

"காப்பித்தூள், மார்ச் மாசம் நானே அடைச்சது, உங்களுக்கு முன்னாடி கொண்டு போன நாலு பேரும் என்ன விலைன்னுதான் திரும்பி வந்தாங்களே தவிர உள்ள என்னன்னு ஒருத்தனும் கேக்கல, அதனால நாளைக்கு ஒரு லாரி எடுத்துக்கிட்டு வாங்க மிஸ்டர் ரிங்கர், என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன மத்த நாப்பத்திரண்டும் நிலவறையிலதான் இருக்கு."